கல்லந்தீவுக்குச் சிறைச்சோறு விதித்த ஓலை

கடல் எல்லை காக்க. கதிர் முற்றி விளைக. கோல் கோடாது நிற்க.

முத்தெறிநாட்டின் துறைகள் யாவற்றுக்கும் இறைவியும், ஆழிமங்கலத்து அரியணை உடையவரும், கொண்டல் காற்றின் பெயரால் முடிசூடியவருமான கோப்பெருந்தேவி கயல்மாதேவியாரின் திருவாய்மொழிப்படி, தலைமை அமைச்சர் ஏழில்நம்பி சொல்ல, அரண்மனை ஓலைக்காரர் எழுதியது. கல்லந்தீவுக் கோட்டையின் தலைவரும், மேலைக்கடலின் காவலரும், தேவியாரின் ஒரே திருமகனாருமான இளவரசர் மாவேள் அவர்களின் திருமுன் நின்று இவ்வோலை வணங்கி உரைக்கிறது. தங்கள் மதில் நிலைபெறுக. தங்கள் கொடி தாழாதிருக்க. தங்கள் கால்கள் தங்களைத் தாங்குக.

கடைசி வாழ்த்து நம் அவை மரபில் இல்லாதது. அது ஏன் வந்தது என்பதைப் பின்னால் காண்பீர்கள்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அதை ஆணை என்றே கொள்ளலாம். அமாவாசையன்று கல்லைக் கட்டிக் கடலில் இறக்கும்படி தாங்கள் தீர்ப்பளித்திருக்கும் அரிசி கழுவும் பெண் வேம்பியின் கட்டை இப்போதே அவிழ்க்கச் சொல்லுங்கள். அவிழ்த்தாயிற்று என்று ஓர் ஆள் வந்து சொன்ன பிறகு மிச்சத்தைப் படியுங்கள். காரணம் சொல்லாமல் ஆணை சொல்வது அமைச்சருக்கு வழக்கமில்லை. ஆனால் காரணம் நீளம், அமாவாசையோ கிட்டத்தில் இருக்கிறது.

அவிழ்த்தாயிற்றா? நல்லது. இனி உட்கார்ந்து கேளுங்கள்.

அரச ஓலையில் ‘யாம்’ என்று எழுதும் உரிமை முத்திரை உடையவருக்கே உண்டு என்பதால், ஏழில்நம்பி தம்மை ‘அமைச்சர்’ என்றே சொல்லிக்கொள்கிறார். இடையிடையே எரிச்சல் தலைகாட்டினால் அதை ஓலை மரபு என்று எண்ணிவிட வேண்டாம். அது அவருடைய சொந்த எரிச்சல். தாங்கள் தவழ்ந்த நாள் முதல் அதை அறிவீர்கள்.

மறுமொழி ஓலை, வந்த ஓலையின் பொருளை முதலில் சுருக்கிச் சொல்லவேண்டும் என்பது விதி. தாங்கள் எழுதியது இது. கல்லந்தீவுக் கோட்டையில் வீரர்களுக்குக் கால் மரத்துப்போகிறது. பாதம் வீங்குகிறது, முழங்கால் மடிந்துகொள்கிறது, படியேறினால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சிலர் உறக்கத்திலேயே போய்விட்டார்கள். மதிலில் நிற்க ஆளில்லை. குளத்து நீரில் எவரோ நஞ்சு கலந்திருக்க வேண்டும் என்று தாங்கள் துணிந்து, நோய் தொடாதவர் யார் என்று தேடினீர்கள். அடுக்களையில் அரிசி கழுவும் வேம்பி ஒருத்தி மட்டும் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படி ஏறி இறங்குவதைக் கண்டீர்கள். அவள் பிறந்த ஊர் பகைவர் கரையில் இருப்பதும் தெரிய வந்தது. கோட்டையே விழுந்துகிடக்க ஒருத்தி மட்டும் நடமாடுகிறாள் என்றால் நஞ்சிட்டவள் அவளே என்று தீர்ப்பு எழுதினீர்கள். நோயாளிகளுக்கு ஊட்டம் வேண்டும் என்பதால், தாங்கள் இங்கே அருவியில் கட்டிய நெல் குத்தும் நீரிடியில் இன்னும் நீண்ட நேரம் தீட்டிய அரிசியை, இருப்பதிலேயே வெண்மையானதாகப் பார்த்து அனுப்பும்படியும் கேட்டிருந்தீர்கள்.

இந்தத் தீர்ப்பில் ஓட்டை இருப்பதாக அமைச்சருக்கு முதலில் தோன்றவில்லை. ஆனால் விசாரணையில் அவள் சொன்ன ஒரே வாசகத்தைத் தங்கள் எழுத்தர் அப்படியே பதிந்து அனுப்பியிருந்தார். “எனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னா கேக்குறீங்க? ஆகலையே சாமி, அதுக்கு நான் என்ன பண்ண?” என்று அவள் சொல்லியிருக்கிறாள். இந்தச் சொல் அமைச்சரின் தொண்டையில் மீன்முள்ளாய் மாட்டிக்கொண்டது. நஞ்சு வைக்கத் தெரிந்தவளுக்கு நொண்டத் தெரியாதா? ஊரெல்லாம் காலை இழுக்கும்போது தானும் கொஞ்சம் இழுத்துக் காட்டியிருக்க மாட்டாளா? இப்படிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் கண்முன்னால் திடுதிடுவென்று நடப்பாளா?

அன்றே மறுமொழி அனுப்பியிருக்கலாம், காற்று விட்டால். தங்கள் ஓலையைக் கொண்டுவந்த மேல்காற்று அப்படியே நின்று வீசியது. கல்லந்தீவு நேர் மேற்கில் இருக்கிறது. காற்று முகத்தில் அடிக்கிறது. துடுப்பு வலித்துப் போகலாம் என்று அமைச்சர் அதட்டி அனுப்பிய படகு முகத்துவாரத்து மணல்திட்டில் மோதி உடைந்து, ஆட்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு விடிந்ததும் துறைக்குப் போவதும், கட்டைவிரலை நனைத்துக் காற்றில் நீட்டுவதும், படகுத் தலைவரைப் பிடுங்குவதுமாக அவர் அலைந்தார். உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தால் போக இடமில்லை. ஒருநாள் படகுத் தலைவர் பொறுமை இழந்து, “காத்த நான் என்ன மடியில முடிஞ்சா வெச்சிருக்கேன், அவுத்து விடுறதுக்கு? போய் ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா” என்றார். துறையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அமைச்சர் சாப்பிடப் போகவில்லை. கால் போன போக்கில் நடந்து சிறைவாயிலில் போய் நின்றார்.

அங்கே போனதற்கு ஒரு காரணம் இருந்தது. காவல் வேளையில் கீழே உட்கார்ந்துவிட்டான் என்று தாங்கள் தண்டித்து இங்கே அனுப்பிய வீரன் கொற்றனைத் தாங்கள் மறந்திருக்கலாம். படகிலிருந்து அவனைக் கட்டிலோடு தூக்கித்தான் இறக்கினார்கள். காலில் ஊசி குத்தினாலும் தெரியாத நிலை. அவன் பிழைத்திருந்தால் தீவின் குளத்தைப் பற்றிக் கேட்கலாம் என்பது எண்ணம். பிழைத்திருப்பான் என்ற நம்பிக்கை இல்லை. சிறைக்காவல் தலைவர் உலகனிடம், அவனைப் புதைத்தீரா எரித்தீரா என்றே அமைச்சர் கேட்டார். உலகன் கிணற்றடியைக் கைகாட்டினார். அங்கே ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு ஒருவன் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அவன்தான் கொற்றன்.

 மருந்து என்ன கொடுத்தீர் என்று அமைச்சர் கேட்டதற்கு, சிறையில் மருந்து கொடுக்க ஏற்பாடே இல்லை என்றும், வந்த சில நாளில் தானாகவே எழுந்து உட்கார்ந்தான் என்றும், பிறகு சுவரைப் பிடித்து நடந்தான் என்றும், இப்போது வேலை கொடுக்காவிட்டால் சண்டைக்கு வருகிறான் என்றும் உலகன் தெரிவித்தார்.

அப்படியானால் தங்கள் தீர்ப்பே சரி என்று அமைச்சர் முடிவுகட்டினார். தீவின் தண்ணீரைவிட்டு வந்தவன் பிழைத்தான். தீவின் தண்ணீரில் இருப்பவர் சாகிறார்கள். ஆகவே தண்ணீரில் நஞ்சு. இதில் எங்கே சந்து இருக்கிறது? மனம் கசந்துபோய், தேவியாரிடம் நேரே சென்று, இளவரசரின் தீர்ப்பை உறுதிசெய்து ஓலை எழுத ஒப்புதல் கேட்டார்.

இனிச் சொல்லப்போவதை வேறு யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். தேவியார் சில நாட்களாக அரியணையைவிட்டு எழாமலே இருந்தார். அவைக்கு முதலில் வருகிறார், எல்லோரும் போன பிறகே போகிறார் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. அமைச்சரும் புகழ்ந்தார். அன்று ஓலைக்கு ஒப்புதல் கேட்டபோது, தேவியார் பணிப்பெண்களை வெளியே போகச் சொன்னார். தாம் கல்லந்தீவின் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, பட்டின் விளிம்பை விலக்கிப் பாதத்தை வெளியே நீட்டினார்.

இளவரசே, அந்தப் பாதம் வீங்கியிருந்தது. சிலம்பைக் கழற்ற முடியாமல் அது சதையில் புதைந்துகிடந்தது. தேவியார் தம் விரலால் கணைக்காலை அழுத்தினார். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே நின்றது. வலிக்கிறதா என்று அமைச்சர் கேட்டார். தரையே தெரியவில்லை என்றார் தேவியார். போரிலும் பஞ்சத்திலும் கலங்காதவர் என்று பெயர் எடுத்த ஏழில்நம்பி அன்று அரியணைப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். அதை மறைப்பானேன்.

ஆக, நஞ்சு தீவில் இல்லை. இருந்தால் அது கடலைத் தாண்டி அரண்மனைக்கும் வந்திருக்கிறது. அமைச்சர் அன்றே அரண்மனை முழுவதையும் சலித்துப் பார்த்தார். தேவியாரின் மெய்க்காவலரில் பாதிப் பேர் காலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை போய்விடுமோ என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. பள்ளியறைக் காவலர், அவைப் புலவர், இசைக்காரர் என்று பெரிய இடத்துக்காரர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு மதமதப்பு. ஆனால் யானைப்பாகர்களுக்கு இல்லை, குப்பை அள்ளுகிறவர்களுக்கு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிறையில் ஒரு கைதிக்குக்கூட இல்லை. அரண்மனைக்கும் சிறைக்கும் கிணறு ஒன்றுதான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். சிறுபிள்ளையில் அந்தப் பொதுக்கிணற்றுச் சுவரில் ஏறி அடி வாங்கியிருக்கிறீர்கள். ஒரே நீர், ஒரே காற்று, ஒரே கொசு. சுவருக்கு இந்தப் பக்கம் விழுகிறார்கள், அந்தப் பக்கம் ஏற்றம் மிதித்துப் பாடுகிறார்கள்.

அமைச்சர் ஓட்டமும் நடையுமாகச் சிறைக்குத் திரும்பினார். கைதிகளுக்கு என்ன சோறு என்று கேட்டதும், குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று உலகன் மிரண்டுபோனார். “ஐயா, இங்க வெள்ளச்சோறு ஏது? செவப்பு நெல்ல ஒரு குத்துக் குத்தி உமியப் பொடைச்சு எடுப்போம், அம்புட்டுத்தான். தவிடெல்லாம் ஒட்டிக்கிட்டேதான் கெடக்கும். கஞ்சி வடிக்கிறதும் இல்ல, வடிச்சா அளவு கொறைஞ்சுபோவுமே. வேணும்னே கொடுக்கலைங்க, இதுக்கு மேல எங்களுக்குக் கட்டுபடியாவாது” என்று கைகட்டி நின்றார். குற்றவாளியைப்போல் நின்ற அவருக்குப் பரிசாகத் தம் தோளாடையை எடுத்துப் போர்த்திவிட்டு, அமைச்சர் கொற்றனைக் கூப்பிட்டார்.

அவனிடம் கேட்டது ஒன்றே. கல்லந்தீவில் அந்த வேம்பி என்ன சாப்பிட்டாள்?

கொற்றன் யோசிக்கவே இல்லை. “அதுவா? நாங்க வடிச்சுக் கொட்டுற கஞ்சி, அரிசி கழுவுன தண்ணி, மூட்டையில சலிச்சு விழுற தவிடு. அதுதானே அதுக்குக் கூலி. தவிட்டப் பிசைஞ்சு அடை தட்டித் திங்கும். மாட்டுத் தீனி திங்கிறா பாருன்னு நாங்க எல்லாரும் சிரிப்போம்” என்றான். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்தித் தன் காலைக் குனிந்து பார்த்தான். அதற்கு மேல் அவன் சிரிக்கவில்லை.

தாங்கள் கொட்டியதைத் தின்றவள் நிற்கிறாள். தாங்கள் ஊட்டியதைத் தின்றவர்கள் விழுகிறார்கள். நடந்தது இவ்வளவுதான், இதைச் சொல்லத்தான் அமைச்சருக்கு இத்தனை ஓலை தேவைப்படுகிறது.

நெல்லை உரித்துப் பார்த்தால் விளங்கும். மேலே உமி. அது நமக்கு ஆகாது, போகட்டும். அதற்கடியில் அரிசியை ஒட்டிச் செந்தோல் ஒன்று உண்டு. நுனியில் ஊசிமுனை அளவுக்கு முளை வரும் மூக்கு உண்டு. மண்ணில் போட்டால் நெல் முளைப்பது அந்த மூக்கிலிருந்துதான். தன் பிள்ளைக்கென்று நெல் சேர்த்து வைக்கும் சத்தெல்லாம் அங்கேயும் அந்தத் தோலிலுமே இருக்கும்போலும். கைக்குத்தலில் தோல் கொஞ்சம் போகும், நிறைய நிற்கும். கை வலித்துவிடும் அல்லவா. தங்கள் நீரிடிக்குக் கை வலிப்பதில்லை. கல்லாற்று அருவி இரவு பகலாக உலக்கைகளைத் தூக்கித் தூக்கிப் போட, தோலும் மூக்கும் மாவாய் உதிர்ந்து, வெறும் வெள்ளை மட்டும் மிஞ்சுகிறது. உதிர்ந்த தவிடு அரண்மனை மாடுகளுக்குப் போகிறது. அவற்றை வந்து பாருங்கள், எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கின்றன. மிஞ்சிய வெள்ளையைக் கப்பலில் ஏற்றி, மாதக்கணக்கில் தீவின் கிடங்கில் போட்டு, பூச்சியும் தூசியும் போகத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுகிறார்கள். அதற்குப் பிறகு கலத்தில் விழுவது பார்க்க மல்லிகைபோல் இருக்கிறது. வயிற்றையும் நிரப்புகிறது. காலுக்குத்தான் ஒன்றும் போய்ச்சேர்வதில்லை.

அந்தத் தோலில் இருப்பது எப்பொருள் என்று அமைச்சருக்குத் தெரியாது. தெரிந்ததாக நடிக்கவும் மாட்டார். வீரன் ஒருவன் படுத்ததும் அவனுக்குச் சிறப்புச் செய்வதாக எண்ணி இன்னும் தீட்டிய அரிசியைத் தாங்கள் கொடுத்தீர்கள். அவன் இன்னும் தளர்ந்தான். இன்னும் வெண்மையாகக் கேட்டு இங்கே ஓலை வந்தது. அன்பினால்தான் கொடுத்தீர்கள். 

நீரிடியைத் தாங்கள் ஏன் கட்டினீர்கள் என்பதையும் அமைச்சர் மறக்கவில்லை. நெல் குத்துகிற பெண்களின் உள்ளங்கை வெடித்து ரத்தம் வருவதைப் பார்த்துவிட்டு வந்து, அன்று சாப்பிட மறுத்தீர்கள். அந்தப் பெண்கள் இன்றும் தங்களை வாழ்த்துகிறார்கள். ஆகவே அந்தப் பொறியை உடைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. உமி நீங்கியதும் அதை நிறுத்தத் தெரியவேண்டும், அவ்வளவே. நெல்லைக் குத்துமுன் ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் சத்து உள்ளேயே ஊறி நின்றுவிடுகிறது என்று துறைமுகத்து மீனவர் சொல்கிறார்கள். அவர்கள் உண்பது அந்தப் புழுங்கலரிசிதான். அதன் நிறம் மங்கல் என்று நம் அடுக்களைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். மீனவர் எவருக்கும் கால் மரத்ததாக அமைச்சர் கேள்விப்படவில்லை.

தேவியார் அன்று முதலே சிறைச்சோறு உண்ணத் தொடங்கினார். அரண்மனை மருத்துவர் குறுக்கே விழுந்தார்; தவிடு விலங்குகளுக்குரியது என்றும், அரச வயிறு அதைத் தாங்காது என்றும், ஏதும் நேர்ந்தால் தம்மைக் கேட்கக் கூடாது என்றும் அவையில் உரைத்தார். தேவியார் அவர் முன்பாகவே உலகனின் மண்சட்டியிலிருந்து செஞ்சோற்றைக் கஞ்சியோடு பிசைந்து, கொள்ளுத் துவையல் தொட்டு உண்டார். தொண்டையில் கரகரவென்று இறங்குகிறது என்றார். வேறு குறை சொல்லவில்லை.

காற்று மாறவில்லை. நிலவு தேய்ந்துகொண்டே வந்தது. இங்கே ஒரு கால் குணமாகக் காத்திருக்க வேண்டும். அங்கே ஒருத்தியின் கழுத்துக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அமைச்சர் அரண்மனைக்கும் துறைக்குமாக நடந்து தம் செருப்பைத் தேய்த்தார். வீட்டில் பேசுவாரில்லை; பேசினால் கடிக்கிறார் என்று அவர் மனைவியார் துறை வரைக்கும் வந்து படகுத் தலைவரிடமே முறையிட்டுப் போனார்.

இன்று விடியலில் கொடித்துணி படபடத்துத் திரும்பியது. கொண்டல், கிழக்கிலிருந்து வீசும் காற்று. படகுத் தலைவர் ஆள் அனுப்பும் முன்பே அமைச்சர் அரண்மனைக்கு ஓடினார். ஓலை எழுதத் தேவியாரின் ஒப்புதல் வேண்டும்; பல்லக்கு கொண்டுவரச் சொல்லலாம் என்று வாசலில் நின்றார். தேவியார் பல்லக்கு வேண்டாம் என்றார். பணிப்பெண்ணின் தோளை ஒரு கையால் தொட்டபடி, படி இறங்கி, முற்றம் கடந்து, துறை மணலுக்கு நடந்தே வந்தார். அலை வந்து காலில் பட்டதும் நின்றுவிட்டார். “நம்பி, தண்ணி சில்லுனு இருக்கு” என்றார். அரசியின் பேச்சு அப்படி அல்ல. அவர் சிறுபெண்ணாக இருந்தபோது பேசிய பேச்சு அது. குனிந்து பார்த்தால் சிலம்பு கணுக்காலில் அசைந்துகொண்டிருந்தது.

இவ்வோலை அந்த மணலில் வைத்தே எழுதப்படுகிறது. எழுத்துக் கோணினால் பொறுத்தருள்க.

இதில் அமைச்சர் பிழைபட்டிருக்கவும் கூடும். பிழையென்று தெரிந்தால் வேம்பியை அடுத்த அமாவாசைக்குக் கடலில் இறக்கலாம். கடல் எங்கும் போய்விடாது. இறக்கிய பின் பிழை தெரிந்தால் அந்தக் கடல் அவளைத் திருப்பித் தராது.

இனி மிஞ்சுவது ஒரே தடை. அதைத் தாங்களே கட்டினீர்கள். வேல் ஏந்தும் நாளில் ஒவ்வொரு வீரனும் தங்கள் கையால் ஒரு பிடி வெண்சோறு வாங்கி உண்டு, வேல் கையில் உள்ளவரை சிறைச்சோறு தொடேன் என்று சத்தியம் செய்வது கல்லந்தீவின் வழக்கம். தாங்களும் அந்தச் சத்தியத்தைச் செய்திருக்கிறீர்கள். செத்தாலும் வாக்கு மாறமாட்டார்கள் தங்கள் வீரர்கள், உண்மையிலேயே செத்துக்கொண்டிருக்கிறார்கள். தவிட்டுச் சோறு உண்ணுங்கள் என்று எத்தனை ஓலை வந்தாலும், மன்னிக்க வேண்டும், சத்தியம் தடுக்கிறது என்றே தாங்கள் மறுமொழி எழுதுவீர்கள். தாங்களும் நிற்க முடியாமல்தான் இருக்கிறீர்கள் என்று அமைச்சர் நினைக்கிறார். தங்கள் ஓலையில் கையொப்பம் புழு ஊர்ந்ததுபோல் இருந்தது. அதைத் தேவியாரும் பார்த்தார்.

ஆகவே இதற்கு மேல் அமைச்சர் பேசுவதற்கில்லை. பின்வருவது முத்திரை உடையவரின் சொல்.

மாவேளுக்கு யாம் எழுதுவது. உன் சத்தியத்தை உடைக்க யாம் சொல்லமாட்டோம். சொன்னாலும் நீ கேட்கமாட்டாய், உன் தகப்பனார் மாதிரி. ஆனால் அது வேல் ஏந்தியவனைக் கட்டும் சத்தியம். சிறைப்பட்டவனை அது கட்டாது. குற்றமற்ற ஒருத்தியைக் கொல்ல எழுதிய குற்றத்துக்காக, உன்னையும் உன் கோட்டையில் உள்ள ஒவ்வொரு வீரனையும் இந்தக் கணத்திலிருந்து கைதிகள் என்று தீர்ப்பளிக்கிறோம். வேல்களை வாங்கிக் கொட்டடியில் வைத்துப் பூட்டுக. கல்லந்தீவுக் கோட்டை இன்று முதல் சிறை. கைதிகளுக்கு நம் நாட்டில் என்ன சோறு என்பது உனக்குத் தெரியும். ஒரு குத்துக் குத்திய செந்நெல்லும் கொள்ளும் இதே படகில் வருகின்றன. கஞ்சியை வடித்தவனுக்குக் கசையடி. எல்லோரும் தம் காலால் மதில் ஏறும் நாள் வரும்வரை இந்தத் தண்டனை நீளும். அந்த நாள் வந்ததும் வேல்களைத் திருப்பிக் கொடுக்கலாம். அதுவரைக்கும் தீவைக் காக்கக் கொற்றனையும், அவனோடு செந்நெல் தின்று வளர்ந்த சிறையாட்களையும் அனுப்புகிறோம்.

அந்தச் சிறைக்குத் தலைவியாக வேம்பியை அமர்த்துகிறோம். சோறு அளப்பதும் கதவு திறப்பதும் அவள் கையில். அவள் சொல் எம் சொல். நீ உண்ட கலத்தை அவளிடம் காட்டிவிட்டே எழுந்திருக்க வேண்டும்.

உன்னைக் கைதியாக்கும் முன் எம்மைக் கைதியாக்கிக்கொண்டோம். உன் கால் தரையை உணர்ந்தது என்ற சொல் வரும்வரை இங்கே அரண்மனை அடுக்களையில் வேறு சோறு வேகாது. சீக்கிரம் சாப்பிடு, அப்பா.

இது கயல்மாதேவி ஒப்பம். துறை மணலில், கொண்டல் வீசும்போது, எம் கையாலேயே கயல் முத்திரை இட்டோம். இதை மறைத்தவனும் மாற்றியவனும் தாமதித்தவனும் கடலுக்கும் கோலுக்கும் பகை. ஓலை சேர்க. உயிர் நிற்க.

*ஓலையின் புறத்தில், கல்லந்தீவு எழுத்தரின் கையால்:*

அமாவாசை முற்பகலில் ஓலை பெற்றோம். படகைக் கண்டபோது வேம்பி மதில் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருந்தாள். ஓலையின் தொடக்கம் படிக்கப்பட்டதும் கட்டு அவிழ்ந்தது. கல் அங்கேயே கிடக்கிறது. எவரும் அதைத் தொடவில்லை. வேல்கள் பூட்டப்பட்டன.

சிறைத்தலைவி என்ற ஆணையை வேம்பிக்கு வாசித்துக் காட்டினோம். அவள், “எல்லாரும் கஞ்சியக் குடிச்சிட்டா நான் எதக் குடிக்கிறது?” என்று கேட்டாள்.  கைதி மாவேள் தரையில் அமர்ந்தபடி, அன்று காய்ச்சிய செந்நெல் கஞ்சி இருந்த தம் கலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் முதலில் தனக்கு அளந்துகொண்டு, மிச்சத்தை அவருக்கு ஊற்றினாள்.

கைதி குடித்து முடித்துக் கலத்தைக் காட்டினார். எழுத்தாணி பிடிக்க விரல் கூடாமையால் கையொப்பத்துக்கு ஈடாகக் கீழே உள்ளது அவருடைய கீறல்.